வழக்கமான கட்டணம் - யாருடைய வழக்கம்?

ஒரு குடும்பத்தில் இப்படி நடந்ததாக வைத்துக் கொள்வோம். வீட்டுப் பெரியவருக்குப் பித்தப்பையில் கல். மருத்துவமனையில் சேர்த்து ஆபரேஷன் செய்தார்கள். அல்லாஹ்வின் கிருபையால் நலமாக வீடு திரும்பினார். பில் 90,000 ரூபாய். மகன் பல ஆண்டுகளாகத் தவறாமல் பிரீமியம் கட்டிவந்த மருத்துவ இன்சூரன்ஸ் இருந்தது. பாலிசித் தொகை 3 லட்சம். ஆகவே கவலையில்லை என்று இருந்தார்கள். கைமாற்று வாங்கிப் பில்லைக் கட்டிவிட்டு, ரசீதுகளை அனுப்பிவைத்தார்கள்.

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. 65,000 ரூபாய் மட்டுமே அனுமதிக்கப்பட்டிருந்தது. மீதி 25,000 ரூபாய், ‘நியாயமான, வழக்கமான கட்டணத்திற்கு மேற்பட்டது’ என்று கழிக்கப்பட்டிருந்தது. கைமாற்றுக் கொடுத்தவர் காத்திருப்பாரா? மருமகளின் வளையல் கடைக்குப் போயிற்று.

மருத்துவமனையில் கேட்டால், “எல்லோரிடமும் நாங்கள் வழக்கமாக வாங்குவது இதுதான்” என்கிறார்கள். கம்பெனியில் கேட்டால், “இந்த வட்டாரத்தின் வழக்கம் இவ்வளவு இல்லை” என்கிறார்கள். இருவரும் வழக்கம் என்ற ஒரே சொல்லைத்தான் பேசுகிறார்கள். இருவருக்கும் நடுவில் நின்று பணம் கொடுப்பவருக்குத்தான் அந்த வழக்கம் எவ்வளவு என்று முன்கூட்டித் தெரியவில்லை.

இது பணத்தைப் பற்றிய வழக்கு மட்டுமா? இல்லை. ஓர் ஒப்பந்தத்தில் தொகையைச் சொல்லாமல் ‘வழக்கப்படி’ என்று எழுதி, பிறகு அந்த வழக்கத்தை ஒரு தரப்பே அளந்து சொன்னால், அது நீதியாகுமா என்பதே இங்குள்ள கேள்வி. நம் மார்க்கத்திற்கு இது புதிய கேள்வி அன்று. நம் இமாம்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதை எடைபோட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

தொடங்குமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இன்சூரன்ஸ் கூடுமா, கூடாதா என்பது வேறு மஸ்அலா. இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் ஃபிக்ஹு பேரவை 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடியபோது, வியாபார முறை இன்சூரன்ஸில் பெரிய அளவில் ‘ஙரர்’ - நிச்சயமின்மை - இருப்பதால் அது கூடாது என்றும், பரஸ்பர உதவி முறையில் அமைவது கூடும் என்றும் தீர்மானித்தது. அதன் விவரத்தை அவரவர் ஊர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிக. வேலை பார்க்கும் இடத்தின் குழுப் பாலிசியாலோ வேறு காரணத்தாலோ நம் குடும்பங்கள் பல இந்த ஒப்பந்தங்களுக்குள் வந்துவிட்டன. தகாஃபுல் என்ற பெயரில் மலேசியா போன்ற நாடுகளில் நடைபெறும் மருத்துவத் திட்டங்களிலும் இதே ‘நியாயமான, வழக்கமான கட்டணம்’ என்ற வாசகம் இருக்கிறது. பெயர் மாறினாலும் கேள்வி மாறவில்லை.

மார்க்கம் வழக்கத்தை மதிக்கிறது

தொகை சொல்லப்படாத ஒப்பந்தம் யாவும் அநீதி என்று நாம் சொல்ல வரவில்லை. வழக்கத்திற்கு ஷரீஅத்தில் உயர்ந்த இடம் உண்டு. ‘அல்ஆதத்து முஹக்கமா’ - வழக்கம் தீர்ப்பளிக்கும் - என்பது ஃபிக்ஹின் ஐந்து பெரும் விதிகளில் ஒன்று. ஷாஃபிஈ மத்ஹபின் இமாம் ஸுயூத்தி (ரஹ்) அவர்களும், ஹனஃபீ மத்ஹபின் இப்னு நுஜைம் (ரஹ்) அவர்களும் தம் கிதாபுகளில் இதை விரித்துரைத்திருக்கிறார்கள்.

இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் தம் ஸஹீஹில் வியாபாரப் பகுதியில் இதற்கென்றே ஒரு பாடம் வைத்திருக்கிறார்கள். விற்பனை, வாடகை, கூலி, அளவை ஆகியவற்றில் அந்தந்த ஊரார் தம்மிடையே அறிந்துள்ள முறைப்படி நடக்கலாம் என்பது அதன் கருத்து. அந்தப் பாடத்தில் வரும் செய்திகளுள் ஒன்று வைத்தியக் கூலி பற்றியதே! அபூதைபா (ரலி) அவர்கள் கண்மணி நாயகம் (ஸல்) அவர்களுக்கு இரத்தம் குத்தி எடுத்தார்கள். அவருக்கு ஒரு ஸாஉ பேரீச்சம்பழம் கொடுக்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். முன்கூட்டிக் கூலி பேசியதாக அச்செய்தியில் இல்லை. அந்த வேலைக்கு என்ன கொடுப்பது என்பதை அன்றைய மதீனா அறிந்திருந்தது.

அதே பாடத்தில் இன்னொரு செய்தி. ஹஸன் பஸரீ (ரஹ்) அவர்கள் அப்துல்லாஹ் இப்னு மிர்தாஸ் என்பவரிடம் ஒரு கழுதையை வாடகைக்குக் கேட்டார்கள். வாடகை எவ்வளவு என்று விசாரித்தார்கள். இரண்டு தானக் என்றார். ஏறிச் சென்றார்கள். மறுமுறை வந்தபோது கழுதை வேண்டும் என்றார்களே தவிர, வாடகை பேசவில்லை, ஏறிச் சென்றுவிட்டார்கள். பிறகு அரை திர்ஹம் அனுப்பிவைத்தார்கள்.

ஒரு திர்ஹம் என்பது ஆறு தானக். அரை திர்ஹம் என்றால் மூன்று தானக். வழக்கம் இரண்டு, அவர்கள் கொடுத்தது மூன்று. இதில் இரண்டு பாடங்கள் நமக்கு உண்டு. முதல் தடவை கேட்டுத் தெரிந்துகொண்டதால்தான் இரண்டாம் தடவை கேட்காமல் இருக்க முடிந்தது. அதாவது, அந்த வழக்கம் இருவருக்கும் முன்பே தெரிந்திருந்தது. அடுத்து, தொகை பேசாத இடத்தில் அளக்கும் உரிமை தம் கைக்கு வந்தபோது, அந்தப் பெரியார் தமக்குச் சாதகமாக அளக்கவில்லை. எதிரிலிருப்பவருக்கு ஒரு தானக் கூட்டியே அளந்தார்கள். வழக்கத்தை நம்பி நடக்கும் ஒப்பந்தத்தின் உயிர் இதுதான்!

அறிந்ததே மஃரூஃப்

திருமறையின் தலாக் அத்தியாயத்தின் 6-வது ஆயத்தைப் பாருங்கள். தலாக் விடப்பட்ட தாய் குழந்தைக்குப் பாலூட்டினால் அவளுக்குரிய கூலியைத் தந்தை கொடுத்துவிட வேண்டும். அதுபற்றி இருவரும் தம்மிடையே ‘மஃரூஃப்’ ஆன முறையில் கலந்து பேசிக்கொள்ள வேண்டும் என்று அல்லாஹுத் தஆலா கட்டளையிடுகிறான். மனம் கசந்து பிரிந்த இருவர்! அவர்களிடையேகூட, ஒருவர் முடிவு செய்து மற்றவருக்கு அறிவிப்பதை அல்லாஹ் சொல்லவில்லை. கலந்து பேசுவதைச் சொல்கிறான்.

மஃரூஃப் என்ற சொல்லுக்கே ‘அறியப்பட்டது’ என்பதுதான் பொருள். நல்லது, வழக்கமானது என்ற பொருள்களெல்லாம் அந்த வேரிலிருந்து கிளைத்தவை. அப்படியானால் ஒரு தரப்புக்கு மட்டும் தெரிந்து, மறு தரப்புக்கு மறைந்திருப்பதை மஃரூஃப் என்று எப்படி அழைப்பது? அறியப்படாத வழக்கம் வழக்கமே அன்று. இந்தக் கட்டுரையில் நாம் வலியுறுத்த விரும்புவதெல்லாம் இந்த ஒன்றைத்தான்.

கூலி பேசாமல் வேலை வாங்குவதில் நம் ஃபுகஹாக்கள் எவ்வளவு தயங்கினார்கள் தெரியுமா? இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில் தையற்காரர் மஸ்அலா வருகிறது. ஒருவர் துணியைத் தையற்காரரிடம் கொடுக்கிறார். கூலி பற்றி இருவரும் பேசவில்லை. அவரும் தைத்துக் கொடுத்துவிட்டார். கூலி கடமையாகுமா? கடமையில்லை என்பது ஒரு சொல். உண்டு என்பது இன்னொரு சொல். கூலிக்குத் தைப்பவர் என்று அறியப்பட்டவராயின் உண்டு, இல்லையேல் இல்லை என்பது மற்றொரு சொல். ஒரு சட்டை தைப்பதற்கே இத்தனை பேச்சு! தொகை வாயில் வராத இடத்தில் உரிமை பலவீனப்படுகிறது, சச்சரவு நுழைகிறது என்ற அச்சமே இதற்குக் காரணம்.

யாரை வைத்து அளப்பது? யார் அளப்பது?

தொகை சொல்லப்படாவிட்டாலோ, ஒப்பந்தம் பழுதாகிவிட்டாலோ ‘உஜ்ரத்துல் மித்ல்’ - அதுபோன்ற வேலைக்குரிய கூலி - கொடுக்கப்பட வேண்டும் என்பது ஃபிக்ஹில் பல இடங்களில் வரும் தீர்வு. இன்சூரன்ஸ்காரர் சொல்லும் வழக்கமான கட்டணத்திற்கு நெருங்கிய உறவு இதுதான். ஆனால் நம் இமாம்கள் அதை வெறும் சொல்லாக விட்டுவிடவில்லை.

நமக்கு நன்கு தெரிந்த மஹ்ருல் மித்லை எடுத்துக் கொள்வோம். மஹர் குறிப்பிடாமல் நிகாஹ் நடந்துவிட்டால், அந்தப் பெண்ணைப் போன்றவர்களின் மஹரே அவளுக்குரியது. அவளைப் போன்றவர்கள் யார்? அதை யாரும் தம் இஷ்டத்திற்குச் சொல்ல முடியாது. ஷாஃபிஈ ஃபிக்ஹில் அவளுடைய தந்தை வழிப் பெண்கள் என்று வரையறுத்து, உடன் பிறந்த சகோதரி முதலாக வரிசையும் கொடுத்திருக்கிறார்கள். வயது, அறிவு, செல்வம் முதலியவற்றையும் கவனிக்கச் சொன்னார்கள். எதனோடு எதை ஒப்பிடுவது என்பது முன்பே தீர்ந்துபோன விஷயம்.

அளப்பவர் யார் என்பதற்கும் விடை உண்டு. உஸ்மானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை ஹனஃபீ ஃபிக்ஹைச் சட்டத் தொகுப்பாக்கியது. ‘மஜல்லா’ எனப்படும் அத்தொகுப்பின் 414-வது பிரிவு உஜ்ரத்துல் மித்லுக்கு விளக்கம் சொல்கிறது: அத்துறையை அறிந்தவர்களும், அவ்விஷயத்தில் சொந்த நோக்கம் எதுவும் இல்லாதவர்களும் மதிப்பிட்ட கூலியே அது. இரண்டு நிபந்தனைகளையும் கவனியுங்கள். அறிவு மட்டும் போதாது, ஆதாயமும் இருக்கக்கூடாது.

அந்நிஸா அத்தியாயத்தின் 6-வது ஆயத்தும் இதையே உணர்த்துகிறது. யத்தீமின் சொத்தைப் பராமரிக்கும் ஏழை, அதிலிருந்து மஃரூஃபான அளவு உண்ணலாம் என்று அல்லாஹ் அனுமதிக்கிறான். அந்த அளவைத் தீர்மானிப்பவரும் அவரே, எடுத்துக்கொள்பவரும் அவரே. ஆகவே, சொத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது சாட்சிகளை வைத்துக்கொள்ளும்படி அதே ஆயத்திலேயே கட்டளையிட்டு, கணக்குக் கேட்பதற்குத் தான் போதுமானவன் என்று எச்சரிக்கவும் செய்கிறான். தானே அளந்து தானே எடுப்பவர் சாட்சியில்லாமல் இருக்கக்கூடாது!

பாலிசியின் வாசகம்

இனி நம் நாட்டுப் பாலிசிகளுக்கு வருவோம். ஒரு சொல்லுக்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பொருள் சொல்லிவந்த நிலையை மாற்ற, இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2013-ல் பொது வரையறைகளை வகுத்தது. அதில் நியாயமான, வழக்கமான கட்டணம் என்பதற்கும் விளக்கம் உண்டு. சாரம் இதுதான்: அந்த மருத்துவமனை அந்தச் சேவைக்கு வாங்கும் நிலையான கட்டணமாக அது இருக்க வேண்டும், அந்தப் பகுதியில் அதே சேவைக்கோ அதுபோன்றதற்கோ நடப்பிலுள்ள கட்டணத்தோடு பொருந்த வேண்டும், நோயின் அல்லது காயத்தின் தன்மையையும் கருத வேண்டும்.

இதில் குற்றம் காண ஒன்றுமில்லை. மருத்துவமனை ஆளுக்கொரு விலை சொல்வதையும், ஊரில் இல்லாத விலை சொல்வதையும் இது தடுக்கப் பார்க்கிறது. உஜ்ரத்துல் மித்லின் சாயலும் இதில் தெரிகிறது. ஆனால் நம் இமாம்கள் கேட்ட கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

பகுதி என்றால் எது? காயல்பட்டினத்து நோயாளிக்குத் தூத்துக்குடி பகுதியா, சிகிச்சைக்குப் போன திருநெல்வேலி பகுதியா, மதுரை வரை சேருமா? அதுபோன்ற சேவை என்றால் எது? பத்துக் கட்டில் உள்ள நர்ஸிங் ஹோமும், எல்லாக் கருவிகளும் உள்ள பெரிய மருத்துவமனையும் ஒன்றுக்கொன்று மித்லா? நடப்பிலுள்ள கட்டணத்தைச் சேகரித்துக் கணக்கிடுவது யார்? அந்தக் கணக்கை நோயாளி முன்கூட்டிப் பார்க்க முடியுமா? இவற்றுக்கு அந்த வரையறையில் விடை இல்லை. கையில் கணக்கை வைத்திருப்பவர் பணம் கொடுக்க வேண்டியவர். கொடுக்கும் தொகை குறைந்தால் ஆதாயமும் அவருக்கே. எல்லாக் கம்பெனிகளும் அநியாயம் செய்கின்றன என்று சொல்வதற்கில்லை. அநியாயம் செய்தாலும் தெரியாத இடத்தில் நோயாளி நிற்கிறார் என்கிறோம்.

இதற்கு மாறாக, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைப் பாருங்கள். அதில் இன்ன சிகிச்சைக்கு இவ்வளவு என்று முன்பே விலை குறிக்கப்படுகிறது. அந்தத் தொகை போதாது என்று மருத்துவமனைகள் வாதிடலாம். ஆனாலும் வாதிடுவதற்கு ஒரு தொகை எல்லோர் கண்முன்னும் இருக்கிறது.

அமெரிக்கா கற்ற பாடம்

தராசு ஒரு தரப்பின் கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதை அறிய, இந்த வாசகம் நெடுங்காலம் புழங்கிய அமெரிக்காவின் அனுபவம் உதவும். முதியோருக்கான மெடிகேர் திட்டம் அங்கே 1965-ல் சட்டமாயிற்று. டாக்டர்களுக்கு அவரவர் வழக்கமான கட்டணத்தையும், வட்டாரத்தில் நிலவும் கட்டணத்தையும் பார்த்துப் பணம் கொடுப்பது என்று வைத்தார்கள். இந்த ஆண்டு கட்டணத்தை உயர்த்தினால், பின்னால் வரும் ஆண்டில் அதுவே வழக்கம்! வழக்கம் தன்னைத் தானே உயர்த்திக்கொண்டு போயிற்று. இடையில் கட்டுப்பாடுகள் போட்டுப் பார்த்தார்கள். முடிவில் 1989-ல் சட்டம் இயற்றி, 1992 முதல் ஒவ்வொரு சிகிச்சைக்கும் கட்டண அட்டவணை கொண்டுவந்தார்கள்.

தனியார் இன்சூரன்ஸில் நடந்தது இதற்கு நேர்மாறு. வழக்கமான கட்டணம் எவ்வளவு என்பதைப் பல கம்பெனிகள் இன்ஜெனிக்ஸ் என்ற நிறுவனத்தின் புள்ளிவிவரத்தை வைத்துத் தீர்மானித்தன. இன்ஜெனிக்ஸோ, யுனைட்டெட் ஹெல்த் என்ற பெரிய இன்சூரன்ஸ் குழுமத்துக்கே சொந்தமானது. பணம் கொடுக்க வேண்டியவரே வழக்கத்தையும் அளந்தார். நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் இதை விசாரித்து, கட்டணங்கள் குறைவாகக் காட்டப்பட்டன, நோயாளிகள் கூடுதலாகச் சுமந்தார்கள் என்று குற்றம் சாட்டினார். 2009 ஜனவரியில் சமரசம் ஏற்பட்டது. அந்தப் புள்ளிவிவரம் மூடப்பட்டு, எந்தக் கம்பெனியையும் சாராத புதிய அமைப்பு ஒன்றை ஏற்படுத்த 5 கோடி டாலர் கொடுக்க அந்தக் குழுமம் ஒப்புக்கொண்டது. ஃபேர் ஹெல்த் என்ற அந்த அமைப்பின் கணக்கைப் பொதுமக்களும் பார்க்கலாம்.

2022 முதல் அங்கே இன்னொரு சட்டமும் நடப்பில் உள்ளது. கம்பெனியோடு ஒப்பந்தம் இல்லாத மருத்துவமனையில் அவசர சிகிச்சை பெற்றவரிடம், விடுபட்ட தொகையைக் கேட்கக்கூடாது. மருத்துவமனையும் கம்பெனியும் தம் தகராறை நடுநிலையான ஒருவர் முன் தீர்த்துக்கொள்ள வேண்டும். இழுபறியின் நடுவிலிருந்து நோயாளியை வெளியே எடுத்துவிட்டார்கள்.

டாக்டர் கையில் தராசு இருந்தபோது வழக்கம் ஏறியது. கம்பெனி கையில் இருந்தபோது அது இறங்கியது என்பது குற்றச்சாட்டு. ஆதாயமில்லாத மூன்றாமவர் கைக்கு மாற்றிய பிறகே வழி பிறந்தது. ‘சொந்த நோக்கம் இல்லாதவர்கள்’ என்று மஜல்லா சொன்ன இடத்திற்கு அவர்கள் சுற்றிவளைத்து வந்து சேர்ந்திருக்கிறார்கள்!

விலை நிர்ணயம் கூடுமா?

இங்கே ஓர் ஐயம் எழலாம். மதீனாவில் விலைவாசி ஏறியபோது, விலையை நிர்ணயித்துத் தரும்படி மக்கள் கேட்டார்கள். விலையை அமைப்பவன் அல்லாஹ்வே என்றும், எவருடைய உயிரிலும் பொருளிலும் அநீதி செய்த வழக்கு இல்லாமல் தம் ரப்பைச் சந்திக்க விரும்புவதாகவும் கூறி நாயகம் (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டார்கள். அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் இது. அப்படியிருக்க, டாக்டர் கட்டணத்தை நிர்ணயிக்கச் சொல்லலாமா? மேலும், நோய்கள் ஒன்றுபோல இருப்பதில்லை; வயிற்றைத் திறந்த பிறகுதான் தெரியும் சிக்கல்களும் உண்டே!

ஐயம் நியாயமானதே. ஆனால் விலையைக் கட்டாயமாகக் குறைப்பது வேறு. இருக்கும் விலையை முன்கூட்டித் தெரிவிப்பது வேறு. நாம் கேட்பது இரண்டாவதை. இதே நாயகம் (ஸல்) அவர்கள்தாம், ஊருக்குச் சரக்குக் கொண்டுவரும் வியாபாரிகளை வழியிலேயே மறித்து வாங்குவதைத் தடுத்தார்கள். அப்படி விற்றுவிட்டவர் கடைவீதிக்கு வந்து விலை தெரிந்ததும் விற்பனையை முறித்துக்கொள்ளும் உரிமையையும் கொடுத்தார்கள். விலை தெரியாதவரின் அறியாமையில் லாபம் பார்க்கக்கூடாது என்பதே காரணம். நெஞ்சுவலியோடு வரும் நோயாளியைவிட விலை தெரியாத வழிப்போக்கர் யார்? அவருக்கோ சிகிச்சையை முறித்துக்கொண்டு திரும்பும் வாய்ப்பும் இல்லை. சிக்கல் வந்தால் கட்டணம் கூடலாம். எதற்கு எவ்வளவு கூடும் என்பதையும் முன்பே சொல்லலாமே!

நம் கையும் சுத்தமாக இருக்கட்டும்

மருத்துவமனையையும் கம்பெனியையும் மட்டும் குறை சொல்லி எழுந்துவிடுவது எளிது. வழக்கத்தை உண்டாக்குபவர்களில் நாமும் இருக்கிறோம்.

“இன்சூரன்ஸ் இருக்கிறதா?” என்று கவுண்டரில் கேட்டுவிட்டு, பதிலுக்குத் தக்கபடி பில் போடும் இடங்கள் உண்டு. “பணம் நம்முடையதா? கம்பெனிதானே கொடுக்கிறது” என்று நாமும் தலையசைக்கிறோம். தேவையில்லாத நாட்களைச் சேர்த்து எழுதச் சொல்பவர்களும் நம்மில் இருக்கிறார்கள். அது பொய் சாட்சியமும் பிறர் பொருளைத் தவறான வழியில் உண்பதும் ஆகும். கம்பெனியின் சொத்து என்பதால் ஹலாலாகிவிடாது.

அதன் தீங்கு அதோடு நிற்பதுமில்லை. இன்று நாம் ஒப்புக்கொண்ட ஊதிய பில், நாளை அந்த ஊரின் வழக்கமான கட்டணம். அதைக் கொடுக்கப்போகிறவர்களில் எந்தப் பாலிசியும் இல்லாத மீன்காரரும், பீடி சுற்றும் விதவைத் தாயும் இருப்பார்கள். வாங்கும் எண்ணமில்லாமல் ஏலத்தில் விலையை ஏற்றிவிடும் ‘நஜ்ஷு’ என்ற செயலை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். தம் பணம் போகாது என்ற துணிவில் விலையை ஏற்றிவிடுவது அதற்குத் தூரமானதா என்று சிந்தித்துப் பாருங்கள்.

டாக்டர்களாகவும் மருத்துவமனை நடத்துவோராகவும் உள்ள நம் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். கட்டண விவரத்தை எல்லோரும் படிக்கும் தமிழில் வாசலில் தொங்கவிடுங்கள். இன்சூரன்ஸ் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே விலை சொல்லுங்கள். ஏழைக்குக் குறைப்பதானால் அதை ஸதகாவாகக் குறையுங்கள். எடுக்கும்போது நிறைத்தும் கொடுக்கும்போது குறைத்தும் அளப்பவர்களுக்குக் கேடு என்று எச்சரித்து, முதஃப்பிஃபீன் என்ற பெயரிலேயே ஓர் அத்தியாயம் இறங்கியிருக்கிறது. தராசு வைத்திருப்பவர் எல்லோருக்கும் அது பொருந்தும்.

குடும்பத் தலைவர்கள் செய்ய வேண்டியது: பாலிசியில் இந்த வாசகம் எங்கே இருக்கிறது என்று உடல் நலமாக இருக்கும்போதே படித்து வையுங்கள். அவசரமில்லாத சிகிச்சையானால், மருத்துவமனையிடம் செலவு மதிப்பீட்டை எழுத்தில் வாங்கி, எவ்வளவு ஏற்பீர்கள் என்று கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். கடனையும் ஒப்பந்தத்தையும் எழுதிக்கொள்ளச் சொல்லும் பகரா அத்தியாயத்தின் 282-வது ஆயத்தை ஓதும் சமுதாயம் நாம். தொகையைக் கழித்தால், எந்த ஊர், எந்த மருத்துவமனைகளின் கட்டணத்தோடு ஒப்பிட்டீர்கள் என்று கேட்டு எழுதுங்கள். முதலில் கம்பெனியிடம் புகார் செய்யுங்கள். அது மறுத்தாலோ, ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ, இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. தமிழ்நாட்டாருக்குச் சென்னையில் அந்த அலுவலகம் இருக்கிறது. உரிமையைக் கேட்பது பேராசை அன்று; அளப்பவரை நீதியின் பக்கம் திருப்பும் நஸீஹத்தும்கூட.

ஹஸன் பஸரீ (ரஹ்) அவர்கள் கூட்டி அனுப்பிய அந்த ஒரு தானக்கை நினைத்துப் பார்க்கிறோம். அதைக் கேட்பார் யாருமில்லை. ஒப்பந்தத்திலும் அது இல்லை. அளவு தம் கையில் வந்ததால், தம்மையே ஐயுற்று, பிறர் பக்கம் சாய்த்து அளந்தார்கள். அத்தகையவர்கள் இருபுறமும் இருந்தால் ‘வழக்கப்படி’ என்ற ஒரு சொல்லே போதும். வரையறை எதுவும் தேவையில்லை. அத்தகையவர்கள் அரிதாகிவிட்ட காலத்தில், வழக்கம் எழுதப்பட வேண்டும், எல்லோருக்கும் தெரிய வேண்டும், ஆதாயமில்லாதவர் கையில் இருக்க வேண்டும்.

வல்ல அல்லாஹ் நம் அளவைகளை நேராக்கி, நோயுற்றோர் அனைவருக்கும் பூரண ஷிஃபாவையும், நம் அனைவருக்கும் ஹலாலான ரிஸ்கையும் தந்தருள்வானாக! ஆமீன்.